தாளத்தின் விலை – 9: முப்பது டாலர் பீட்

2016 மே மாதம் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த பாட்டு ‘பாண்டா’. பாடியவர் நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த டிசைனர். அந்த மாதம்தான் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்திருந்தது. பாட்டுக்கு பீட் செய்தவரோ அட்லாண்டிக்குக்கு மறுகரையில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இருந்த மெனஸ் என்ற இளைஞர். டிசைனர் அந்த பீட்டை யூடியூபில் கேட்டார். பிடித்துப்போனது. 200 டாலர் கொடுத்து வாங்கினார். அவ்வளவுதான் கொடுக்கல் வாங்கல்.

அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே கான்யே வெஸ்ட், டிசைனரைத் தன் கம்பெனியில் சேர்த்துக்கொண்டு, பாண்டாவின் ஒரு பகுதியைத் தன் ‘த லைஃப் ஆஃப் பாப்லோ’ ஆல்பத்துக்குள் எடுத்து வைத்துவிட்டார். பாட்டு நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியதும் அந்த 200 டாலர் செய்தியானது. கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட பாட்டுக்கு வெறும் 200 டாலரா? பையன் ஏமாந்துவிட்டானா?

கேட்க நியாயமான கேள்வி. ஆனால் ராப் இசையின் பணக்கணக்கைத் தெரிந்தவர்கள் முதலில் கேட்டது வேறு: மெனஸ் எதை விற்றார், எதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்? இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

இந்த இதழில் புதிதாகத் தொடரில் சேர்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராப் பாட்டிலிருந்து ராப்பரின் குரலை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அத்தனையும் பீட்: டிரம்ஸ், பேஸ், மெட்டு, இடையிடையே வந்துபோகும் ஒலிகள் எல்லாம். நம் திரைப்பாட்டில் மெட்டுப் போட்டவர்தான் பெரியவர். போஸ்டரில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், பாடலாசிரியர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ராப்பில் இது தலைகீழ். வரி எழுதி அதைச் சொல்பவர்தான் நட்சத்திரம். ஆல்பம் அவர் பெயரில் வரும், கச்சேரிப் பணம் அவருக்குப் போகும். இசையை உண்டாக்கியவர் அவருக்குச் சரக்கு கொடுத்தவராக நின்றுவிடுவார்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. எரிக் பி. அண்ட் ரகீம், பீட் ராக் அண்ட் சி.எல். ஸ்மூத் என்று 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த இணைகளைப் பாருங்கள். இசைப் பக்கம் நின்றவர் பெயர் முன்னால், ராப்பர் பெயர் பின்னால். கேங் ஸ்டார் இணையில் குருவும் டிஜே பிரீமியரும் சரிசமம். இந்த ஏற்பாட்டில் பீட்டுக்குத் தனி விலை தேவைப்படவில்லை. வருவதை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். 1994இல் நாஸின் ‘இல்மாட்டிக்’ வந்தபோது, ஒரே ஆல்பத்தில் டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், கியூ-டிப், எல்.ஈ.எஸ். எனப் பலர் ஆளுக்கொரு பாட்டு, மூன்று பாட்டு என்று செய்து கொடுத்திருந்தார்கள். அபாரமான ஆல்பம். அதன் வெற்றிக்குப் பிறகு, நல்ல பீட் எங்கே கிடைக்கிறதோ அங்கே போய் வாங்குவது ராப்பர்களின் வழக்கமானது. பீட் தனிச் சரக்கானது. சரக்கானதும் அதற்கு விலை வந்தது.

அந்த விலையின் அமைப்பைச் சென்ற இதழ்களில் விரிவாகப் பார்த்தோம். சுருக்கம் இதுதான். பெரிய கம்பெனிக்கு பீட் கொடுப்பவருக்கு மூன்று வழியில் பணம் வர வேண்டும். ஒன்று அட்வான்ஸ். பாதி முன்னால், மீதி பாட்டை ஒப்படைத்ததும். அடுத்தது ‘பாயின்ட்’, அதாவது பதிவின் விற்பனையில் 3, 4 சதவீத ராயல்டி. இதைக் கம்பெனி தன் கையிலிருந்து தருவதில்லை. ராப்பருக்கு 15 பாயின்ட் என்று ஒப்பந்தம் இருந்தால் பீட்மேக்கரின் 3 பாயின்ட் அந்த 15க்குள்ளிருந்தே போகும். அதுவும் பதிவுச் செலவு கழிந்த பிறகுதான். மூன்றாவது பப்ளிஷிங். பாட்டு என்ற படைப்பின் உரிமையில் வரி பாதி, இசை பாதி என்பது ராப் உலகின் வழக்கம். வரியை எழுதியவர் ஒரு பாதி, பீட்டைச் செய்தவர் மறு பாதி. ரேடியோவில் ஒலித்தாலும் விளம்பரத்தில் வந்தாலும் இன்னொருவர் பாடினாலும் இந்தப் பாதிக்குக் காசு வரும்.

மூன்றில் அட்வான்ஸ்தான் கண்ணுக்குத் தெரியும். பீட்மேக்கர்களில் டிம்பலாண்டும் நெப்டியூன்ஸும் உச்சத்தில் இருந்தபோது ஒரு பீட்டுக்கு லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. படிப்பவர்கள் அந்த எண்ணைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். காலத்துக்கும் சோறு போட்டது பப்ளிஷிங்கின் பாதி.

இப்படி எழுந்த விலை மாளிகை சரிந்த கதைக்கு இப்போது வருவோம்.

1999இல், பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் வந்தது. அமெரிக்காவில் பதிவிசை விற்பனை அந்த ஆண்டு சுமார் 1,460 கோடி டாலர். பதினைந்து ஆண்டு கழித்து, 2014இல், அதில் பாதிகூட இல்லை. கம்பெனிகள் முதலில் கை வைத்தது ஆல்பச் செலவில். பெயர் பெற்ற சிலரைத் தவிர மற்ற பீட்மேக்கர்களின் அட்வான்ஸ் கரைந்துபோனது. அதே சமயம் மிக்ஸ்டேப்புகள் பெருகின. ராப்பர் தன் பெயர் பரவட்டும் என்று முழு ஆல்பம் அளவுக்குப் பாட்டுகளை இணையத்தில் இலவசமாகக் கொட்டுவார். இலவசமாகப் போகும் பாட்டில் பாயின்ட் ஏது, ராயல்டி ஏது? பீட் செய்தவருக்குக் கிடைத்ததெல்லாம் ‘உன் பெயரும் பரவும்’ என்ற வாக்குறுதி. 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் மிக்ஸ்டேப் ராஜா என்று பெயர் பெற்ற டிஜே டிராமாவின் இடத்தில் போலீஸ் புகுந்து அவரைக் கைது செய்தது. பதிவுக் கம்பெனிகளின் சங்கம் அதற்குத் துணை நின்றது. அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களே விளம்பரத்துக்காக அவரிடம் பாட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தச் சண்டை பெரிதாகப் பேசப்பட்டது. மிக்ஸ்டேப்பில் ஒலித்த பீட்டுகளுக்குச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

பணம் சுருங்கிய அதே ஆண்டுகளில் பீட் செய்யும் செலவும் சுருங்கியது. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் என்ற கம்பெனி 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்றொரு மென்பொருளை வெளியிட்டது. 2003 முதல் அதன் பெயர் எஃப்எல் ஸ்டுடியோ. சாதாரணக் கணினியில் ஓடும். டிரம்ஸ் மெஷினோ மிக்ஸரோ தேவையில்லை. 2007இல் சோல்ஜா பாய் தன் ‘கிராங்க் தட்’ பாட்டை இதில்தான் செய்தார். ஏழு வாரம் அது முதலிடத்தில் இருந்தது. பீட்டும் அவருடையது, வரியும் அவருடையது என்பதால் பாதியைப் பற்றிய பேச்சே எழவில்லை. 2010இல் வர்ஜீனியாவின் லெக்ஸ் லூகர் இதே மென்பொருளில் செய்த பீட்டுகள் வாக்கா ஃப்ளாக்கா, ரிக் ராஸ் பாட்டுகளாகி அந்த ஆண்டின் ராப் ஒலியையே மாற்றின. வாக்காவுக்கும் அவருக்கும் தொடர்பு ஏற்பட்டது மைஸ்பேஸ் வழியாக. படுக்கையறையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில் ஏஜென்ட், மேனேஜர், கம்பெனி அதிகாரி என்று நின்ற வரிசை கலைந்துவிட்டது.

வரிசை கலைந்ததும் வந்தது சந்தை. முதலில் சவுண்ட்கிளிக், பிறகு மைஃப்ளாஷ்ஸ்டோர் என்று தொடங்கி ஏர்பிட் ஆன தளம், 2008இல் ஏப் பாட்ஷான் தொடங்கிய பீட்ஸ்டார்ஸ். கடைவீதியாக யூடியூப். பீட்டுக்கு வைத்த பெயர்களே வியாபார உத்தி. ‘டிரேக் டைப் பீட்’, ‘ஃப்யூச்சர் டைப் பீட்’ என்று பெயரிட்டால், அந்த நட்சத்திரங்களைப் போலப் பாட ஆசைப்படும் ஆயிரக்கணக்கான புது ராப்பர்கள் தேடும்போது கண்ணில் படும். காப்பிக்குக் காவலாக பீட்மேக்கர் தன் பெயரைச் சொல்லும் ஒரு சின்னக் குரல் துணுக்கை பீட்டின் நடுவே செருகிவைப்பார். இதற்கு ‘டேக்’ என்று பெயர். காசு கட்டினால் டேக் இல்லாத கோப்பு வரும். திருட்டைத் தடுக்க வந்த டேக்கே பின்னால் விளம்பரமானது. பாட்டின் தொடக்கத்தில் தன் டேக் ஒலிப்பதைப் பெரிய பீட்மேக்கர்கள் கௌரவமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சந்தை கண்டுபிடித்த புது ஏற்பாடுதான் லீஸ். ஒரே வீட்டை ஒரே சமயத்தில் நூறு பேருக்கு வாடகைக்கு விட முடிந்தால் எப்படி இருக்கும்? பீட் லீஸ் அதுதான். எம்பி3 கோப்பு 20, 30 டாலர். தரம் கூடிய வேவ் கோப்பு அதற்கு மேல். டிரம்ஸ் தனி, பேஸ் தனி என்று பிரித்துத் தரும் ‘ஸ்டெம்ஸ்’ இன்னும் மேல். வாங்கியவர் பாட்டுச் செய்து வெளியிடலாம். ஆனால் வரம்பு உண்டு: இத்தனை ஆயிரம் அல்லது லட்சம் ஸ்ட்ரீம் வரை, இத்தனை ஆண்டு வரை. அதே பீட்டை மற்றவர்களுக்கும் விற்க பீட்மேக்கருக்கு முழு உரிமை உண்டு. யாராவது ‘எக்ஸ்க்ளூசிவ்’ கேட்டால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் விலை சொல்லி, அதன்பின் கடையிலிருந்து எடுத்துவிடுவார். அதற்கு முன் லீஸ் எடுத்தவர்களின் உரிமை அவர்களின் கெடு முடியும்வரை செல்லும்.

ராப்பரின் பக்கத்தில் நின்று பார்த்தால் இதில் வலி இருக்கிறது. 30 டாலர் கொடுத்து, வரி எழுதி, வீடியோ எடுத்து, ஊரெல்லாம் பாட்டைப் பரப்பியவர் அவர். அந்த உழைப்பால் பீட் பிரபலமானதும் எக்ஸ்க்ளூசிவ் விலை ஏறும், அதைக் கொடுக்க வேண்டியவரும் அவரே. இன்னொரு தொல்லை, ஒரே பீட்டில் இருபது பேர் பாட்டு வெளியிட்டிருப்பார்கள். அதில் ஒருவர் முந்திக்கொண்டு தன் பாட்டை யூடியூபின் உரிமை சரிபார்க்கும் இயந்திரமான கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், மற்றப் பத்தொன்பது பேரின் வீடியோவுக்கும் அந்த இயந்திரம் உரிமை மீறல் என்று நோட்டீஸ் அனுப்பும். சில சமயம் பீட்டைச் செய்தவருக்கேகூட.

இத்தனைக்கும் நடுவில், லீஸ் ஒப்பந்தங்களின் மூலையில் இருந்த ஒரு வரியை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பப்ளிஷிங்கில் ஐம்பது சதவீதம் பீட்மேக்கருக்கு என்ற வரி அது. லட்சம் டாலர் பீட்டுகளின் காலத்தில் வக்கீல்கள் பேசிப் பேசி நிலைநாட்டிய அதே பாதி, 30 டாலர் பீட்டிலும் அச்சடித்து வந்தது. 20 டாலர் லீஸ் எடுக்கும் பையன் அதைப் படித்திருக்கமாட்டான். படிக்காவிட்டாலும் அது செல்லும்.

ஒப்பந்தத்தின் அருமை புரிய, அது இல்லாதவர்களின் கதியைப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 1969 நவம்பரில் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டுக்கு வாசித்த தாளம், பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. ராப் இசையின் அஸ்திவாரத்தில் அது ஒரு கல். பாட்டின் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில். ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்ததற்குக் கூலி வாங்கியவர், அதோடு அவர் கணக்கு முடிந்தது. 2017இல் அவர் இறக்கும்வரை அந்தத் தாளத்தின் ராயல்டியில் அவருக்குப் பங்கு இல்லை. வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் சில நொடி டிரம்ஸ் வாசித்த கிரெகரி கோல்மனும் அப்படித்தான். 2006இல் அட்லாண்டாவில் வீடற்ற நிலையில் இறந்தார். அவர்கள் வாங்கிய கூலி குறைவு என்பது சின்ன விஷயம். வாங்கியதற்குப் பிறகு அவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் கொடுமை.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமையை முழுதாக மாற்றித் தர எழுத்தில் கையெழுத்து வேண்டும். ஆனால் ‘நீயும் பயன்படுத்திக்கொள்’ என்ற அனுமதிக்குக் காகிதம் தேவையில்லை. நடந்துகொண்ட விதத்திலிருந்தே அனுமதி இருந்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இதைத் தெளிவாக்கிய 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு திகில் படத்தைப் பற்றியது. லாரி கோஹன் இயக்கிய ‘த ஸ்டஃப்’ படத்துக்கு எஃபெக்ட்ஸ் அசோசியேட்ஸ் என்ற கம்பெனி சிறப்புக் காட்சிகள் எடுத்துக் கொடுத்தது. பேசிய பணம் முழுதாக வரவில்லை. எழுத்து ஒப்பந்தமும் இல்லை. உரிமை மீறல் என்று வழக்குப் போட்டார்கள். காட்சிகளைச் செய்து, படத்தில் சேர்க்கட்டும் என்றே ஒப்படைத்துவிட்டீர்கள், ஆகவே பயன்படுத்தும் அனுமதியைத் தந்ததாகவே பொருள் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பாக்கிப் பணத்துக்குத் தனியாக வழக்காடலாம், படத்தை நிறுத்த முடியாது.

நண்பன்தானே என்று ஈமெயிலில் பீட்டை அனுப்பிவைக்கும் ஒவ்வொருவரும் நிற்பது அந்த எஃபெக்ட்ஸ் கம்பெனி நின்ற இடத்தில். பீட் அவருடையதாகவே இருக்கும். பாட்டு வெளியாவதை நிறுத்தும் பலம் மட்டும் கையைவிட்டுப் போயிருக்கும். வாய்ப்பேச்சில் கொடுத்த பீட்டைவிட, ஐம்பது சதவீதம் என்று அச்சடித்த 30 டாலர் லீஸ் பாதுகாப்பானது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இந்தத் தொழிலில் இதுதான் உண்மை. பாண்டாவின் எழுத்தாளர் பெயர்களில் டிசைனரோடு மெனஸும் இருக்கிறார். அந்த 200 டாலர் அவருக்கு வந்த முதல் பணம், அவ்வளவே.

இதைவிடப் பெரிய சோதனை 2018இல் வந்தது.

நெதர்லாந்தில் யங்கியோ என்ற பெயரில் பீட் செய்துகொண்டிருந்தார் கியோவா ரூக்கெமா. பதின்பருவம் தாண்டாத வயது. யூடியூப் தானாகவே எடுத்துப் போட்ட ஒரு பாட்டு அவர் காதில் விழுந்தது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழு 2008இல் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ்’ தொகுப்பில் 34ஆவது துண்டு. அதன் தந்தி ஒலியை வெட்டி எடுத்து, கீழே டிராப் பாணி டிரம்ஸைப் போட்டு, ‘ஃப்யூச்சர் டைப் பீட்’ என்று கடையில் வைத்தார். அட்லாண்டாவில் கல்லூரியை விட்டுவிட்டு அக்கா வீட்டில் தங்கியிருந்த மான்டெரோ ஹில், அதாவது லில் நாஸ் எக்ஸ், அதை 30 டாலருக்கு வாங்கினார். கௌபாய் வரிகள் எழுதினார். செவ்வாய்க்கிழமைகளில் 20 டாலருக்குப் பதிவு செய்துதரும் ஒரு ஸ்டுடியோவில் ஒரு மணி நேரத்துக்குள் பாடி முடித்தார். 2018 டிசம்பர் 3 அன்று ‘ஓல்ட் டவுன் ரோட்’ வெளியானது.

மீதிக் கதை பலருக்கும் தெரியும். டிக்டாக்கில் பரவியது, 2019 மார்ச்சில் பில்போர்ட் அதைக் கன்ட்ரி பட்டியலில் 19ஆம் இடத்தில் வைத்துவிட்டு, இது கன்ட்ரி இல்லை என்று நீக்கியது, அந்தச் சர்ச்சையே பாட்டை இன்னும் தூக்கிவிட்டது. கொலம்பியா கம்பெனி லில் நாஸ் எக்ஸை ஒப்பந்தம் செய்தது. ஏப்ரல் 5 அன்று பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவம் வந்தது. ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடம். மரையா கேரியும் பாய்ஸ் டு மென்னும் 1995–96இல் வைத்த, ‘டெஸ்பாசிட்டோ’ 2017இல் எட்டிப்பிடித்த 16 வாரச் சாதனை தகர்ந்தது.

தன் பீட் எங்கே போயிருக்கிறது என்பதே யங்கியோவுக்கு, இணையத்தில் சுற்றிய கேலி வீடியோக்களில் அது ஒலிப்பதைக் கேட்டபோதுதான் தெரியவந்தது. அந்த நிமிடத்தில் அவர் முழுதாக விற்றுவிட்ட நிலையில் இருந்திருந்தால், கொலம்பியாவுக்கு அவரோடு பேச வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இந்த அளவுக்கு வளர்ந்த பாட்டு எந்த லீஸின் வரம்புக்குள்ளும் அடங்காது. பெரிய கம்பெனி புது ஒப்பந்தத்தோடு பீட்மேக்கரைத் தேடி வந்தே தீர வேண்டும். பாட்டை எழுதியவர்களில் ஒருவராக, தயாரித்தவர்களில் ஒருவராக அவர் பெயர் ஏறியது.

ஆனால் அவரை முந்திக்கொண்டு உள்ளே வந்தவர்கள் இருவர். நைன் இஞ்ச் நெய்ல்ஸின் டிரென்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும்.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பீட் வியாபாரத்தின் பலவீனமான மூட்டு இதுதான். ‘கோஸ்ட்ஸ்’ தொகுப்பை அந்தக் குழு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருந்தது. யாரும் எடுத்து வேறு வடிவம் செய்யலாம், ஆனால் வியாபாரத்துக்குக் கூடாது என்பது நிபந்தனை. 30 டாலருக்கு விற்பதும் வியாபாரமே. பீட்டுக்குள் இன்னொருவரின் பதிவு இருப்பதை வாங்குபவர் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. லீஸ் ஒப்பந்தத்திலோ, இப்படி எடுத்தாண்ட ‘சாம்பிள்’ பகுதிக்கு அனுமதி பெறுவது வாங்குபவர் பொறுப்பு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பாட்டு சிறியதாக இருக்கும்வரை யாரும் கேட்பதில்லை. பெரிதானதும் முதலில் கேட்பவர் மூலப் பதிவின் சொந்தக்காரர். ரெஸ்னர் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். அனுமதி தந்தார், பாட்டின் வெளிச்சத்தில் பங்கு கேட்டு மேடைக்கு வரவில்லை. எழுத்தாளர்களாகவும் தயாரிப்பாளர்களாகவும் இருவர் பெயரும் பதிவானது.

எல்லா மூலக்காரர்களும் அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதே 2018இல் ஜூஸ் வேர்ல்டின் ‘லூசிட் டிரீம்ஸ்’ ஹாட் 100இல் இரண்டாம் இடம் வரை போனது. பீட் செய்தவர் பதின்பருவத்து நிக் மீரா. யூடியூபில் டைப் பீட் விற்றே வளர்ந்த டாஸ் டெய்லரின் ‘இன்டர்நெட் மணி’ குழுவைச் சேர்ந்தவர். பீட்டின் கிட்டார் ஸ்டிங்கின் 1993ஆம் ஆண்டுப் பாட்டான ‘ஷேப் ஆஃப் மை ஹார்ட்’டிலிருந்து வந்தது. வருமானத்தில் 85 சதவீதம் ஸ்டிங் பக்கம் போய்விட்டது என்று நிக் மீரா வெளிப்படையாகச் சொன்னார். மீதமிருந்த 15க்குள்தான் ராப்பரும் பீட்மேக்கர்களும். வரி பாதி, இசை பாதி என்ற அழகான வழக்கம், சாம்பிள் உள்ளே நுழைந்த நொடியில், மிச்சத்தில் பாதி என்று மாறிவிடுகிறது.

இந்திய இசைக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. 2002இல் ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய ‘அடிக்டிவ்’ பாட்டுக்கு டிஜே குயிக், லதா மங்கேஷ்கரின் ‘தோடா ரேஷம் லக்தா ஹை’ பாட்டை நீளமாக எடுத்து பீட்டாக்கியிருந்தார். 1981இல் வந்த ‘ஜோதி’ படத்துக்கு பப்பி லஹிரி போட்ட இசை. யாரிடமும் கேட்கவில்லை. பாட்டின் உரிமையை வைத்திருந்த சரிகமா கம்பெனி 50 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. பப்பி லஹிரியும் தனியாக நீதிமன்றம் போனார். 2003 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம், அவர் பெயரைப் போடாமல் அந்தத் தட்டை விற்கக் கூடாது என்று தடை விதித்தது. தவறு பீட்டில் நடந்தது. விற்பனை நின்றது பாடகியின் ஆல்பத்துக்கு. பீட் வாங்குபவர் அதற்குள் இருக்கும் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

30 டாலர் பீட் விற்ற அதே 2018இல், அக்டோபர் 11 அன்று, அமெரிக்காவில் இசை நவீனமயமாக்கல் சட்டம் கையெழுத்தானது. அதன் ஒரு பகுதி தயாரிப்பாளர்களுக்கானது. பண்டோரா, சிரியஸ் போன்ற இணைய, செயற்கைக்கோள் ரேடியோக்களின் பதிவுப் பணத்தை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து, பாதியைப் பதிவின் உரிமையாளருக்கும், 45 சதவீதத்தைப் பிரதானக் கலைஞருக்கும், 5 சதவீதத்தைப் பக்கவாத்தியம், கோரஸ் கலைஞர்களுக்கும் பிரித்துத் தருகிறது. தயாரிப்பாளர் என்ற பெயர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. ‘என் பங்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடுங்கள்’ என்று ராப்பர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் பீட்மேக்கருக்கு நேரடியாகப் பணம் போகும். பல ஆண்டுகளாக அந்த அமைப்பு தானாக மதித்துவந்த இந்தக் கடிதத்துக்கு 2018இல்தான் சட்டப் பலம் வந்தது. நல்ல மாற்றம். என்றாலும் கடிதம் எழுத வேண்டியவர் இன்னும் ராப்பர்தான்.

2020இல் பீட்ஸ்டார்ஸ், சோனி/ஏடிவி பப்ளிஷிங் கம்பெனியோடு கைகோத்தது. லீஸில் தப்பிப் பிழைத்த அந்தப் பாதியை உலகம் முழுவதும் வசூல் செய்துதர ஓர் ஏற்பாடு. பல பீட்மேக்கர்களுக்கு, தங்கள் பாட்டை ராயல்டி வசூலிக்கும் ஒரு சங்கத்தில் பதிவு செய்தால்தான் பணம் வரும் என்பதே தெரியாது. பதியாத பாதிக்குரிய பணம் ஊர் பேர் இல்லாமல் தேங்கிக் கிடக்கும். பெரிய கம்பெனி அந்தப் பாதியைத் தேடி வந்ததே, அது எத்தனை மதிப்புள்ளது என்பதற்குச் சாட்சி.

இதற்குள் பாதியே உடையத் தொடங்கியிருந்தது. ஒருவர் பியானோவிலோ கிட்டாரிலோ எட்டு பார் மெட்டு வாசித்து ‘லூப்’ என்று அனுப்புவார். இன்னொருவர் அதற்கு டிரம்ஸ் போடுவார். மூன்றாமவர் அதை நட்சத்திரத்தின் ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மூவரும் தயாரிப்பாளர்களே. இசைக்குரிய 50 சதவீதத்தை மூவர் பிரித்தால் ஆளுக்கு பதினேழுகூடத் தேறாது. லூப் செய்தவர் அட்வான்ஸிலும் பங்கு கேட்கிறார், டிரம்ஸ் போட்டவர் மறுக்கிறார், கம்பெனியோ யாரோ ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறது. டொரன்டோவின் ஃபிராங்க் டியூக்ஸ் போன்றவர்கள் முழு நூலகமாகவே லூப்புகளை உருவாக்கி, அனுமதி விலையோடு மற்றத் தயாரிப்பாளர்களுக்கு விற்கவும் தொடங்கியிருந்தார்கள். அவர்களின் கணக்கு அடுத்த இதழில்.

(தொடரும்)